ஏழாம் நம்பர் மலையில் ஷுவாங்

எங்கள் டிவிசனில்
ஏழாம் நம்பர் மலையில் மட்டும்தான் சிக்னல்.
அதுவும் தராசு தொங்குகிற தைலமரத்தடியில்,
இரண்டு கோடு.
அங்கேதான் அவள் இறங்கி வருவாள்,
மேலிருந்து கீழாக, கொஞ்சம் கொஞ்சமாக:
முதலில் வெள்ளிக் கொண்டை ஊசி,
பிறகு நெற்றி,
பிறகு, ரீலோட் மிச்சமிருந்தால்,
கண்கள்.

பெயர் ஷுவாங்.
மிங் காலத்துக்காரி.
பட்டு வரி அதிகாரி ஒருவன் பொய்த்தராசு வைத்து
அவள் அப்பனைக் கடன்காரனாக்கி
சந்தை நடுவில் மண்டியிட வைத்துத்
தலையை வாங்கினான்.
அவனோடு சேர்த்துப் பதினொரு பேர்.
பதினொரு பெயரையும்
சட்டைக்கையின் உள்மடிப்பில்
சிவப்பு நூலால் தைத்து வைத்திருக்கிறாள்.
ஒருவன் செத்தால் ஒரு பெயரைப் பிரித்து
அந்த நூலை வாயில் போட்டு மெல்லுவாள்.

சீனத்தை யாரோ அரைகுறை இங்கிலீசாக்கியிருந்தார்கள்.
அதை என் ஓ.எல். இங்கிலீசில் தடவித் தடவிப் படித்து
பக்கத்து நிரைக்குக் கேட்கிற மாதிரி சொல்லுவேன்.
பட்டு என்று இருந்ததைக்
கொழுந்து என்று மாற்றியது நான்தான்.
"சீனாவுலயும் தேயிலையா?" என்றாள் தவமலர்.
அங்கேயிருந்துதான்டி வந்ததே, என்றேன்.
"அப்ப அவளும் நம்ம லயத்து ஆளுதான்."
அன்றிலிருந்து ஷுவாங்
சுவாங்காயி.

அந்தப் பெயருக்கு உறைபனி என்று அர்த்தமாம்,
படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது.
தை மாதம் நுவரெலியாப் பக்கம்
ராத்திரி வெள்ளையாக வந்து உட்கார்ந்து
விடிய வெயில் பட்டதும்
கொழுந்தைக் கருக்கிவிட்டுப் போகுமே,
அது.

மூன்றாமவனைக் கிணற்றடியில் முடித்த அன்று
நிரை முழுக்கக் கை நின்றுவிட்டது.
ஞாயிறு பூசை தவறாத செபமாலை கேட்டாள்:
"குத்துன ஊசிய கழுவுனாளா,
அப்படியே கொண்டையில சொருகிட்டாளா?"
அப்படியே, என்றேன்.
"அதான் சரி."

பத்து பெயர் பிரிந்தது.
பதினொன்றாவது, அந்த அதிகாரி,
கிழவனாகிப் பாயில் கிடக்கிறான்.
அவள் வாசலில் நிற்கிறாள்.
கை கொண்டைக்குப் போகிறது.
தொடரும்.

எட்டு மாதமாகத் தொடரும்.

நாள் தவறாமல் கேட்டார்கள்.
நான் விஷம் வைத்துப் பார்த்தேன்,
வீட்டுக்கு நெருப்பு வைத்தேன்,
கிழவனையே காலில் விழ வைத்தேன்.
எதுவும் அவர்களுக்குச் சேரவில்லை.
ஒரு நாள் மழைக்கு முன்னால்,
இருபத்திரண்டு வருசமாய் அந்த மலையில் கொழுந்தெடுத்து
ஆம் இல்லை தவிர ஒன்றும் பேசாத காத்தாயி
படங்கை இடுப்பில் இறுக்கிக்கொண்டே கேட்டாள்:

"பதினொண்ணையும் பிரிச்சுட்டா
சட்டக்கை மடிப்பு நிக்குமாடி?"

எனக்குத் தெரியவில்லை.
மழை வந்துவிட்டது.

அன்று பின்னேரம் தராசு.
பச்சை ஜம்பர் போட்ட சுப்பர்வைசர்
முள்ளைப் பார்த்தும் பார்க்காமலும் எழுதுகிறார்:
ஈரத்துக்கு மூன்று, சாக்குக்கு ஒன்று.
காத்தாயிக்குப் பதினைந்து.
பதினெட்டு வராவிட்டால் அரைப்பேர்.
"அடுத்தது" என்றார்.

காத்தாயி சாக்கைத் தூக்கவில்லை.
கொண்டையில் வெள்ளி ஊசியும் இல்லை,
ஒரு பல் உடைந்த பிளாஸ்டிக் கிளிப்.
கால் விரலிடுக்கில் அட்டை ஒன்று
குடித்துப் பருத்துக்கொண்டிருந்தது,
அதையும் அவள் தட்டிவிடவில்லை.

"திரும்ப நிறுங்க."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.
சுப்பர்வைசர் நிமிர்ந்து
அவளுக்குப் பின்னால் நின்றவர்களைப் பார்த்தார்.
"அடுத்தது" என்றார் மறுபடி.
அடுத்தது செபமாலை.
அவள் மானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது என் மடியில் போன் அதிர்ந்தது,
ஒரு தரம், இன்னொரு தரம்:
புதிய அத்தியாயம்.
வாசலில் எட்டு மாதமாய் நின்றவள்
உள்ளே காலெடுத்து வைத்திருப்பாள்.

நான் எடுக்கவில்லை.
சாக்கு மறுபடி கொக்கியில் ஏறியது.
எல்லோரும் முள்ளைப் பார்த்தோம்,
அது இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.